குலவைக்கு ஒரு காரணம்

போன மழைக்காலத்துக்குப் பிறகு என் அம்மா ஜீப்பில் ஏறவே இல்லை. காலை ஆறு மணிக்கு எங்கள் தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்கும். தலையில் துண்டும் கையில் சாப்பாட்டுத் தூக்குமாகப் பெண்கள் ஓடுவார்கள். அம்மா அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்புறம் போய், ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்களை இன்னொரு தடவை கழுவுவாள்.

கூடலூரில் ஜீப் ஏறாமல் ஏலத்தோட்ட வேலைக்குப் போக முடியாது. லோயர் கேம்ப் தாண்டி, குமுளிக்கு மலையேறி, அதற்கு மேலும் தோட்டத்து மண்பாதையில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். அம்மா கல்யாணமாகி வந்ததிலிருந்து போய்வந்த பாதை அது. ஒருநாள் நல்ல மழையில், ஒரு வளைவில், மேலிருந்து பாறை ஒன்று உருண்டு ஜீப்புக்கு முன்னால் விழுந்தது. டிரைவர் ஒடித்துத் திருப்பினார். ஜீப் மலைப்பக்கமாக உரசி, ஒரு சக்கரம் ஓடைக்குள் இறங்கிச் சாய்ந்து நின்றது. யாருக்கும் பெரிய அடி இல்லை. அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் மறுபடி ஜீப் படியில் கால் வைத்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது, உள்ளங்கை வேர்த்தது, மூச்சு மேலேயே நின்றுவிட்டது. இறங்கிவிட்டாள்.

ஈசிஜி எடுத்தோம். இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். மாரியம்மன் கோவிலில் வேப்பிலை அடித்தார்கள். கம்பத்துப் பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கி வந்தோம். பெரிய ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் ஒரு அம்மா மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பயம் ஒரேயடியாப் போகாது. கொஞ்சம் கொஞ்சமாப் பக்கத்துல போகணும். மூச்ச நிதானமா விடப் பழகுங்க," என்றார். அம்மா வீட்டுக்கு வந்ததும், "மூச்சு விடத் தெரியாமயா இத்தன வருசம் உசுரோட இருக்கேன்?" என்றாள்.

ஆடி மாதம் நெருங்கியது. ஏலக்காய் எடுப்பு தொடங்கப்போகிறது. அம்மா வேலை பார்க்கும் செட்டுக்கு ஆள் கூட்டிப்போகும் கங்காணியக்கா எங்கள் வீட்டுக்கே வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, நயமாகத்தான் சொன்னார். "எத்தன நாளைக்கு ஒன் எடத்தப் போட்டு வைக்கிறது? சுருளிப்பட்டியிலருந்து வாக்கப்பட்டு வந்த புள்ள ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு. ஆடி மொதச் செவ்வாய் வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் என்னையக் கொற சொல்லக் கூடாது."

அம்மாவின் இடம் என்பது ஜீப்பின் பின்பக்கம், இடது ஓரம், அத்தைக்குப் பக்கத்தில். அத்தை என் தாய்மாமன் மனைவி. அம்மாவுக்கு மதினி. இரண்டு பேரும் போகும்போது ஒருவரையொருவர் வாரிக்கொண்டே போவார்கள், வரும்போதும் அதேதான். வேலையை விட அம்மாவுக்கு அந்த இரண்டு பயணமும்தான் பிடிக்கும். வீட்டில் இருந்த மாதங்களில் அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்கவில்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் நுழைந்தவள் நான். அம்மா கையெழுத்துப் போடுவாள். அது என் இரண்டாம் வகுப்பு நோட்டைப் பார்த்து அவள் கற்றுக்கொண்டது. அப்பா திராட்சைப் பந்தலில் வேலை பார்ப்பவர். எந்த பஸ் எங்கே போகிறது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுவார். நான் மதுரையில் விடுதியில் தங்கி உளவியலில் முதுகலை முடித்தேன். யாராவது கேட்டால் இதைச் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

கோயம்புத்தூரில் ஒரு சிறிய நிறுவனம் மன அமைதிக்கான ஒலிச் செயலி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. விரலில் ஒரு கிளிப் மாட்டிக்கொள்ள வேண்டும். அது நாடித்துடிப்பைப் படித்து போனுக்கு அனுப்பும். துடிப்புக்கு ஏற்றபடி இசை வேகம் குறைந்து, கேட்பவரின் மூச்சையும் மெல்ல மெல்ல இழுத்து அமைதிக்குக் கொண்டுவரும். அதில் தமிழ்ப் பயனாளர்களுக்கு எந்த ஒலி பொருந்தும், எந்த வார்த்தை பொருந்தும் என்று பார்ப்பது என் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். தெருவில் என்னை 'பாட்டுப் போடுற கம்பெனியில இருக்குற புள்ள' என்பார்கள். நான் திருத்துவதில்லை, பெரிய அளவில் தப்பும் இல்லை.

ஆகவே அம்மாவை நானே சரி பண்ணிவிடலாம் என்று நினைத்தேன். சோதனைப் பயனாளராகச் சேர்க்க ஒப்புதல் படிவத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுல ஒன் பேரு எங்கன இருக்கு?" என்று விரலை வைத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

முதலில் மழைச் சத்தம் போட்டேன். எங்கள் செயலியில் எல்லாரும் விரும்பிக் கேட்பது அதுதான்.

"என்னத்தா இது?"

"மழைம்மா. கேட்டா மனசு லேசாகும்."

அம்மா இயர்போனைப் பிடுங்கி என் மடியில் போட்டாள். "மழை பேஞ்சுதானடி கல்லு உருண்டுச்சு! பதினேழு வருசம் படிச்சுட்டு வந்து எனக்கு மழையப் போட்டு விடுறா!"

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இதைப் பாடத்தில் படித்திருக்கிறேன். எந்த ஒலி யாருக்கு எதை நினைவூட்டும் என்பதைக் கேட்காமல் போடக் கூடாது என்று பரீட்சையில்கூட எழுதியிருக்கிறேன். பெற்ற தாயிடம் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் ஓடைச் சத்தம். அரை நிமிடம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு சடாரென்று எழுந்து, "நல்ல தண்ணி வந்துருச்சு, கொடத்த எடு!" என்று வாசலுக்கு ஓடினாள்.

மூன்றாவதாக வழிகாட்டும் குரல். அதற்கான வாக்கியங்களை நான்தான் எழுதியிருந்தேன், மிகுந்த மரியாதையுடன். "இப்போது தாங்கள் மூச்சை மெதுவாக உள்ளிழுங்கள்," என்றது குரல்.

"யாருடி இவ? தாங்கள்ங்குறா? மூச்சு விடுறதுக்குக் கலெக்டராபீசுல மனுக் குடுக்கணும் போல இருக்கே."

குரல் மூச்சை நிறுத்தி வைக்கச் சொன்னது. அந்த நேரம் அடுப்பில் பால் பொங்கியது. அம்மா மூச்சைப் பிடித்தபடியே ஓடிப்போய்ப் பாலை இறக்கி வைத்துவிட்டு, முகம் சிவக்கத் திரும்பி வந்து, இப்போது விடலாமா என்று கையாலே கேட்டாள். நானும் அப்பாவும் சிரித்த சிரிப்பில் அவளும் சிரித்துவிட்டாள். அன்று அவளுடைய நாடி நன்றாகவே இறங்கியது. ஆனால் அது செயலியால் இல்லை.

எதிர்வீட்டில் பால் காய்ச்சினார்கள். புதுவீடு. அம்மா விரலில் கிளிப்போடு கிளம்பினாள். கழற்றச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டாள். பந்தலில் உட்கார்ந்து எல்லாரிடமும் விரலை நீட்டி நீட்டிக் காட்டினாள். "என் மக கம்பெனி மிஷினு. நெஞ்சுக்குள்ள ஓடுறது அவ போனுல தெரியும்."

அத்தை தன் விரலை நீட்டினாள். "எனக்கும் மாட்டு. என் நெஞ்சுக்குள்ள ஒங்க அண்ணன் இருக்காரான்னு பாப்போம்."

"அதுக்கு மிஷினு வேணாம் மதினி. அவரு கறிக்கடையில இருக்காரு. இப்பத்தான் பாத்தேன்."

பால் பொங்கியதும் பெண்கள் குலவை போட்டார்கள். எங்கள் தெருவில் குலவைக்கு முன்னால் நிற்பது அம்மாதான். நாக்கை இரண்டு பக்கமும் ஆட்டி, ஒரே மூச்சில், அந்த மூச்சு தீரும்வரை இழுக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு அவள் எந்த விசேஷத்திலும் குலவை போட்டதில்லை. அன்றும் தயங்கித்தான் ஆரம்பித்தாள். என் கையில் போன் திறந்திருந்தது. ஒவ்வொரு குலவையும் முடிய முடியத் திரையில் அவளுடைய நாடிக்கோடு படிப்படியாக இறங்கியது. மூன்றாவது குலவை முடிந்தபோது, நாள்கணக்கில் நான் கொண்டுவர முயன்ற இடத்துக்கு அது தானாக வந்து நின்றது.

நான் கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிலையாகிவிட்டேன். நீளமாக மூச்சை வெளியே விடு, பிறகு நிதானமாக உள்ளே இழு என்று எங்கள் செயலி ஆயிரம் நயத்தோடு சொல்வதை இந்தப் பெண்கள் நாக்கை ஆட்டிச் செய்துகொண்டிருந்தார்கள். விடுதியில் ஒருத்தி, "உங்க ஊர்ல பொம்பளைங்க லுலுலுன்னு கத்துவாங்களாமே?" என்று கேட்டபோது, எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் இல்லை என்று பொய் சொல்லியிருக்கிறேன். குலவை மட்டும்தான் நாடியை இறக்கியது என்று சாதிக்க மாட்டேன். தோளோடு தோள் உரசிக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணமாக இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்வது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையையும் செட்டில் இன்னும் இரண்டு பேரையும் வீட்டுக்கு அழைத்தேன். மைக்கை வைத்தேன், விசிறியை நிறுத்தினேன், ஜன்னலில் போர்வை தொங்கவிட்டேன். "ம், போடுங்க," என்றேன்.

யாரும் போடவில்லை.

"சும்மா எப்படிப் போடுறது?" என்றாள் அம்மா.

"சும்மாதான்மா. பதிவு பண்றதுக்கு."

"குலவையென்ன கொட்டாவியா, நெனச்சப்ப விடுறதுக்கு?" என்றாள் அத்தை. "ஒரு நல்ல காரியம் வேணும். சும்மா போட்டா நல்லதில்ல."

காரணம் தேட ஆரம்பித்தார்கள். கோழி முட்டை வைத்திருக்கிறது என்றாள் ஒருத்தி. அதற்குக் கோழியே கத்தி முடித்துவிட்டது என்றாள் இன்னொருத்தி. மிக்சி ரிப்பேர் ஆகி வந்ததைச் சொன்னார்கள். அதுவும் எடுபடவில்லை. அப்புறம் அத்தைதான் என்னைப் பார்த்தாள்.

"ஏ மதினி, இவ பட்டம் வாங்குனாளே, அதுக்கு நாம போட்டமா?"

அம்மா யோசித்தாள். "போடலையே. அன்னைக்கு நாமதான் ஏலக்காட்டுல இருந்தோம். போன்ல போட்டோ அனுப்புனா. சாயங்காலம் குமுளி வந்துதான் டவர் கெடச்சுச்சு."

அதற்கப்புறம் அவர்களை யாராலும் நிறுத்த முடியவில்லை. பலகையைப் போட்டு என்னைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தார்கள். டிரங்குப் பெட்டியிலிருந்து சான்றிதழை எடுத்து, பிளாஸ்டிக் உறையோடு தாம்பாளத்தில் வைத்து, பக்கத்தில் வெற்றிலை பாக்கும் இரண்டு வாழைப்பழமும் வைத்தார்கள். அத்தை என் நெற்றியில் குங்குமம் வைத்தாள். நான்கு பேரும் ஒரே நேரத்தில் குலவை எடுத்தார்கள். ரெக்கார்டரில் ஒலியளவு சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போனது. குறைக்கக் கை போகவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

பதிவு வீணாகிவிட்டது, இன்னொரு தடவை போட வேண்டும் என்று சொன்னேன்.

"அப்ப இன்னொரு காரணம் சொல்லு," என்றாள் அத்தை. வேலை கிடைத்ததுக்கு என்று ஒரு தடவை போட்டார்கள். அதுதான் நன்றாகப் பதிவானது.

போர்வையால் என்ன பயன்? சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. கல்யாணமாகாத பெண் இருக்கிற வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு தடவை குலவை. சரியாகக் கால் மணி நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரம்மா வாசலில் நின்றார். "மாப்பிள்ளை எந்த ஊரு?"

இல்லை என்று நாங்கள் சொல்லச் சொல்ல அது உறுதியானது. ஆண்டிபட்டியிலிருந்து சின்னம்மா போனில் சண்டை பிடித்தார். "பரிசம் போட்டுட்டு ஒரு வார்த்த சொல்லல பாத்தியா? நாங்கன்னா அவ்வளவு எளப்பமாப் போச்சா?" பந்தல் வேலைக்குப் போயிருந்த அப்பாவிடம் வழியில் மூன்று பேர் கைகொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே என்னிடம் வந்தார். "எனக்கே தெரியாம யாருக்குடி பேசி முடிச்சீக?"

பதிவைக் கணினியில் போட்டு வேலை செய்தேன். குலவையின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கினேன். அடியில் சுருதிப்பெட்டி போல ஒரு மெல்லிய ஒலி வைத்தேன். ஒரு குலவைக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சை உள்ளே இழுக்கப் போதுமான இடைவெளி விட்டேன். அம்மாவின் நாடி வேகமாக ஓடினால் குலவை நீளும், இடைவெளியும் கூடும். குரல் வழிகாட்டியை எடுத்துவிட்டேன். இடைவெளியில் அத்தை தொண்டையைக் கனைக்கும் சத்தம் ஒன்று இருந்தது. அதை எடுக்கவில்லை. அம்மா அதைக் கேட்கும்போதெல்லாம் லேசாகச் சிரித்தாள்.

ஆலோசகர் அம்மா சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகப் போனோம். முதல் மூன்று நாள், நிற்கிற ஜீப்பில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தாள். செட்டு ஜீப்பை ஓட்டும் பாய், சாயங்காலம் எங்களுக்காகவே தெருவில் நிறுத்தி வைப்பார். "ஓடாத வண்டியில டிராபிக் எப்படிக்கா இருக்கு?" என்று டீக்கடையிலிருந்து கேட்பார். நான்காம் நாள் எஞ்சினை மட்டும் ஓடவிட்டார். அம்மா இறங்கிவிட்டாள். ஐந்தாம் நாள் இறங்கவில்லை. அடுத்த வாரம் லோயர் கேம்ப் வரை போய், மின்நிலையத்தின் இரும்புக் குழாய்கள் தெரிகிற இடத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தோம். மலைப்பாதை அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. அதை அம்மா பார்க்கவில்லை, குனிந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடி முதல் செவ்வாய் வந்தது. ஹாரன் அடித்ததும் அம்மா கொல்லைக்குப் போகாமல் தலைத்துண்டைக் கட்டினாள். நானும் கூடவே ஏறிக்கொண்டேன். கங்காணியக்கா முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். அத்தை தன் தூக்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டாள்.

லோயர் கேம்ப் தாண்டி வண்டி ஏற ஆரம்பித்தது. போனில் அம்மாவின் நாடி எகிறியது. குலவையும் நீண்டது. அம்மா கம்பியை இறுகப் பிடித்து, உதட்டைக் குவித்து மூச்சை விட்டுக்கொண்டிருந்தாள். கல் உருண்ட அந்த வளைவு நெருங்கியபோது நான் அவளையே பார்த்தேன். அவள் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியேறினால் வாய் மூடாத அத்தை அன்று ஏற்றம் தொடங்கியதிலிருந்து பேசவே இல்லை. அதை நான் கவனிக்கவும் இல்லை.

"மதினி, என்ன?"

"ஒண்ணுமில்ல."

"கையி சில்லுன்னு இருக்கு."

அத்தை கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அன்னையிலருந்து இந்த எடம் வந்தா நான் கண்ண மூடிக்கிருவேன். நீயும் பக்கத்துல இல்ல. யாருகிட்டச் சொல்ல?"

இத்தனை மாதமும் அத்தை தினமும் இதே வளைவில் கண்ணை மூடிக்கொண்டு போய்வந்திருக்கிறாள். சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேலி செய்திருக்கிறாள்.

அம்மா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். ஒரு காதிலிருந்த இயர்போனைக் கழற்றி, தன் முந்தானையில் துடைத்து, அத்தையின் காதில் வைத்தாள். "மூச்ச அது கூடவே விடு. முடியுற வரைக்கும். ம், இப்ப இழு." எங்கள் நிறுவனத்தில் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதின வழிகாட்டல் வரிகளை விட அது தெளிவாக இருந்தது.

"என்னத்தா இது, எனக்கு நானே குலவை போடுறேன்?" என்று அத்தை கண்ணைத் திறந்தாள். வளைவு பின்னால் போய்க்கொண்டிருந்தது.

எதிர் சீட்டிலிருந்தவள் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா கேக்குறீக? எங்களுக்கு இல்லையா?" அவளுக்குப் பக்கத்திலிருந்தவளும் கை நீட்டினாள். "நானும் அன்னைக்கு இந்த வண்டியிலதான் இருந்தேன்." இரண்டு இயர்போனை எத்தனை காதுக்குப் பங்கு வைப்பது? பாய்தான் வழி சொன்னார். "தங்கச்சி, வண்டியில ப்ளூடூத் இருக்கு. போட்டு விடுங்க."

போட்டேன். ஜீப்பின் ஸ்பீக்கரில் குலவை கிளம்பியது. ஒரு நொடி எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒரு குலவையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள், அது அவர்களால் ஆகாது. அம்மாதான் முதலில் எடுத்தாள். கூடவே மொத்த ஜீப்பும் எடுத்தது. கங்காணியக்காவும் முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து எடுத்தார். மேலிருந்து இறங்கி வந்த பஸ், கல்யாண வண்டி என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டது. அதன் ஜன்னல்களிலிருந்த பெண்கள், யாருக்கு என்ன விசேஷம் என்று தெரியாமலே பதில் குலவை போட்டார்கள்.

குமுளியில் டீக்கு நிறுத்தியபோது கடைக்காரர் மலையாளத்தில் கேட்டார். "கல்யாணம் எவிடெயா சேச்சி?"

"கல்யாணமில்ல சேட்டா, வேலைக்குப் போறோம்," என்றாள் அம்மா, கூடலூருக்கே கேட்கிற சத்தத்தில். டீயைக் குடித்துவிட்டு, மற்றவர்களுக்கு முன்னால் போய்த் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். நான் கீழேயே நின்றேன்.

"நீ எங்க வர்ற?" என்றாள். "ஒனக்கு ஆபீசு இல்லையா?"

ஜீப் தோட்டத்துப் பாதையில் திரும்பி மறைந்தது. நான் கூடலூர் பஸ்சில் நின்றுகொண்டே மலையிறங்கினேன்.

மழை பலக்கிற நாட்களில் அம்மாவுக்கு இப்போதும் கை வேர்க்கிறது. ஆனால் அதை அவள் வண்டியிலேயே சொல்லிவிடுகிறாள், அத்தையும் சொல்லிவிடுகிறாள், யாராவது தங்கள் போனிலிருந்து ஸ்பீக்கரில் குலவையைப் போடுகிறார்கள். சுருளிப்பட்டிப் பெண்ணுக்கும் நெருக்கி ஒரு இடம் கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஆடிச் செவ்வாயன்று வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தபோது நிறுவனத்திலிருந்து ஒரு செய்தி காத்திருந்தது. சோதனைப் பயனாளர் இருபது நிமிட அமர்வைப் பாதியிலேயே விட்டுவிட்டதாகக் காட்டுகிறது, என்ன கோளாறு என்று கேட்டிருந்தார்கள். கோளாறு எதுவும் இல்லை, அவர் காய் எடுக்கப் போய்விட்டார் என்று பதில் எழுதினேன்.